வழியில் ஒரு வீடு: திண்டுக்கல் சீமைச் சத்திரங்களின் கதை

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் பழனி பஸ் புறப்படுகிற சமயம் கண்டக்டர் கூவுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, பழனீ...!" அறுபது கிலோமீட்டருக்கும் குறைவான பாதை. அதில் இரண்டு ஊர்களின் பெயரிலேயே 'சத்திரம்' உட்கார்ந்திருக்கிறது.

ஒட்டன்சத்திரம் என்றால் இன்றைக்கு நமக்கு நினைவு வருவது காய்கறி மார்க்கெட். தக்காளி, முருங்கை, வெங்காயம் என்று லாரி லாரியாகக் கேரளம் வரை போகிறது. சத்திரம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆனால் ஒரு காலத்தில் அந்த ஊருக்கு அடையாளம் அதுதான். ஒரு கட்டிடத்தின் பெயரால் ஓர் ஊரையே அழைத்தார்கள் என்றால், வழிநடையாக வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்!

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பிரயாணம் போகிற நமக்கு இந்தக் கதை ரொம்ப நெருக்கமானது. ஏனென்றால் வெளியூர் கிளம்பும்போது ஆண்கள் யோசிப்பது டிக்கெட்டைப் பற்றி. நாம் யோசிப்பது வேறு. "குழந்தைக்குப் பால் எங்கே காய்ச்சுவது? எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பது? ஒதுங்க ஓர் இடம் இருக்குமா? ராத்திரி பயமில்லாமல் படுக்கலாமா?" இந்தக் கேள்விகள் இன்றைக்குப் பிறந்தவை அல்ல. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் மாட்டு வண்டியில் போன நம் பாட்டிகளின் பாட்டிகளும் இதையேதான் கேட்டிருப்பார்கள். அதற்குச் சமூகம் சொன்ன பதில்தான் சத்திரம்.

அங்கே மது, இங்கே மோர்

வழிப்போக்கர்களுக்கு வீடு கட்டி வைக்கும் வழக்கம் உலகம் முழுவதும் உண்டு. பாரசீகத்திலும் வடஇந்தியாவிலும் சராய்கள். இங்கிலாந்திலோ குதிரை வண்டி நிற்கிற இடமெல்லாம் ஒரு விடுதி. கீழே மதுக்கூடம், மேலே படுக்கை அறைகள், பின்னால் குதிரை லாயம். காசு கொடுத்தால் ரொட்டியும் இறைச்சியும் ஒரு குவளை மதுவும் கிடைக்கும். லண்டனில் 'ஜார்ஜ்' என்று அப்படி ஒரு விடுதி, 1676-இல் தீயில் எரிந்து போய் மறு வருஷமே திரும்பக் கட்டப்பட்டது. ரயில் வந்த பிறகு அதன் பெரும் பகுதியை இடித்துவிட்டார்கள். மிஞ்சிய பகுதியையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1937-இல் பழைய கட்டிடங்களைப் பேணும் 'நாஷனல் டிரஸ்ட்' வசம் ஒப்படைத்தார்கள். இன்றும் அதில் வியாபாரம் நடக்கிறது.

நம் ஊர்ச் சத்திரமும் வழிப்போக்கர் விடுதிதான். ஆனால் இரண்டு விஷயத்தில் வேறு. ஒன்று, இங்கே கல்லாப்பெட்டி கிடையாது. தங்குவது தர்மம், பெரும்பாலான இடங்களில் சாப்பாடும் தர்மம். இரண்டாவது, இங்கே குவளையில் வந்தது மோர், நீராகாரம், பானகம். அதனால்தான் ஒரு பெண் தன் பிள்ளைகளோடு அங்கே கூச்சமில்லாமல் கால் வைக்க முடிந்தது.

வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து 'சௌல்ட்ரி' என்று எழுதி வைத்தார்கள். அது நம்முடைய 'சாவடி' என்ற சொல் அவர்கள் வாயில் உருமாறியதுதான்.

நாலு வழி கூடும் ஊர்

திண்டுக்கல் சமவெளியை மலைக்கோட்டை மேலிருந்து பார்த்தால், இங்கே ஏன் இத்தனை வழிப்போக்கர் என்பது புரிந்துவிடும். தென்கிழக்கே சிறுமலை. மேற்கே பழனி மலைத் தொடர். நடுவில் அகலமான வாசல் திறந்து வைத்தாற்போல் சமவெளி. திருச்சியிலிருந்து மதுரை போகிறவர்கள் இந்த வாசல் வழியாக வருவது உண்டு. கொங்குநாட்டிலிருந்து வரும் வியாபாரிக்கும் இதே வழி. பழனி ஆண்டவனிடம் போகும் பக்தர்களுக்கும் இதே வழி. படை நடத்தி வந்தவர்களும் இந்த வழியை விடவில்லை. 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் இந்தப் பாறை மேல் கோட்டை கட்டினார் என்றால் காரணமில்லாமல் இல்லை. 1755-இல் ஹைதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்து உட்கார்ந்தார். பிறகு திப்பு, பிறகு கும்பெனியார். 1792 உடன்படிக்கையோடு சீமை முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். இன்றைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறோம். மாட்டு வண்டி மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாடு நிற்காமல் நடந்தாலே பதினாறு மணி நேரத்துக்குக் குறையாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், வெயில் தாழ வேண்டும், இருட்டில் கள்ளர் பயம். ஆக, நடுவில் ஒரு ராத்திரியாவது எங்கேயாவது தங்கித்தான் ஆகவேண்டும். கைக்குழந்தைக்காரி மரத்தடியில் தங்க முடியுமா? அதற்காகத்தான் ஒரு பகல் நடைக்கு ஒரு சத்திரம், நடுநடுவே கிணறு, நிழல் மரம், தண்ணீர்ப்பந்தல் என்று வழிநெடுக ஏற்பாடு செய்தார்கள்.

பேரனைத் தூக்கி வளர்த்த ராணி

இந்தப் பக்கத்தில் சத்திரம், சாலை என்று யாராவது பேச்செடுத்தால் உடனே வாயில் வரும் பெயர் ராணி மங்கம்மாள். மதுரை நாயக்கர் சீமையை 1689 முதல் 1706 வரை ஆண்டவள். திண்டுக்கல்லும் அவள் ஆட்சியில்தான் இருந்தது.

அவள் எப்படி அரியணைப் பக்கம் வந்தாள் என்பது கேட்டால் மனசு கலங்கும். கணவர் சொக்கநாத நாயக்கர் முன்பே காலமாகிவிட்டார். வாலிபனான மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் அம்மை நோயில் மாண்டான். அப்போது மருமகள் நிறை கர்ப்பிணி. பேரன் பிறந்தான், தாயும் கண்ணை மூடிவிட்டாள். அந்தப் பச்சைக் குழந்தைக்குப் பட்டம் கட்டிவிட்டு, அவன் பெயரால் பாட்டி நாட்டை ஆண்டாள். ஒரு கையில் தொட்டில் கயிறு, இன்னொரு கையில் ராஜ்ய பாரம்!

இப்படி வாழ்க்கையில் அடிபட்டவளுக்கு அடுத்தவர் சிரமம் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. அவள் செய்த போர்களை இன்று யாரும் நினைப்பதில்லை. 'மங்கம்மாள் சாலை', 'மங்கம்மாள் சத்திரம்' என்று அவள் போட்ட பாதையையும் கட்டிய விடுதியையும்தான் ஜனங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. சத்திரம் வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான், 1875-இல், ரயில் வந்தது. அந்த ராணி வழிப்போக்கருக்கென்று தேர்ந்தெடுத்த இடத்துக்கு நேர் எதிரிலேயே வழிப்போக்கரை ரயிலும் கொண்டுவந்து இறக்கிவிட்டது, பாருங்களேன்! திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறும் படிகளையும் மங்கம்மாள் வெட்டியவை என்று ஊரார் சொல்வது உண்டு.

உள்ளே போய்ப் பார்ப்போமா?

பழைய சத்திரத்தின் அமைப்பு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். நம் கிராமத்து வீட்டைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ, அப்படி.

முன்னால் நீளமான திண்ணை. கல்தூண்கள். இரவு எந்நேரம் வந்தாலும் யாரையும் எழுப்பாமல் படுக்கலாம். தலைமாட்டில் திண்டு போலத் திண்ணையே சரிவாக உயர்ந்திருக்கும், தலையணை தேட வேண்டாம். உள்ளே நுழைந்தால் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி கூடம், தாழ்வாரம். காற்றும் வெளிச்சமும் முற்றத்திலிருந்து வரும் என்பதால் தெருப் பக்கம் பெரிய ஜன்னல்கள் வேண்டியதில்லை. பெண்கள் உள் தாழ்வாரத்தில் படுத்தால் வெளியிலிருந்து கண் படாது. பின்கட்டில் சமையல் கட்டு, வரிசையாக மண் அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், உரல். அதற்கும் பின்னால் கிணறு, துவைகல், மாட்டுத் தொழுவம், தோட்டம். பக்கத்தில் ஒரு குளம், ஒரு பிள்ளையார்.

வந்து இறங்கும் குடும்பத்தின் மூட்டையைப் பிரித்தால் இருப்பது: ஜமக்காளத்தில் சுருட்டிய படுக்கை, கூஜா, தூக்குச்சட்டி, ஓர் உருளி, கொஞ்சம் அரிசி பருப்பு, புளிக்காய்ச்சல், குழந்தைக்குச் சங்கு, உரை மருந்து. கட்டுச்சாதம் ஒரு நாள் தாங்கும். இரண்டாம் நாள் அடுப்பு வேண்டும். சத்திரத்தில் விறகும் அடுப்பும் தயார். முன்பின் தெரியாத நாலு குடும்பத்துப் பெண்கள் ஒரே சமையல் கட்டில் நிற்பார்கள். "உங்க ஊர்ல ரசத்துக்கு வெல்லம் போடுவீங்களா?" என்று ஆரம்பித்து, பிள்ளைக்கு மாந்தம் வந்தால் என்ன செய்யலாம் என்பதுவரை பேச்சு போகும். வீட்டு வாசல் தாண்டாத பெண்களுக்கு வேறு சீமைப் பெண்களோடு பேசக் கிடைத்த இடம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

இதெல்லாம் எப்படி நடந்தது? சத்திரம் கட்டுகிறவர் கட்டிடத்தோடு விடமாட்டார். நன்செய், புன்செய், தோப்பு என்று நிலம் எழுதி வைப்பார். அந்த வருமானத்தில் அரிசி, மோர், விளக்கெண்ணெய், மராமத்து எல்லாம் நடக்கவேண்டும். அதனால் ஒரு சத்திரத்துக்கு நிலம்தான் உயிர். நிலம் போனால் அடுப்பு அணைந்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

நள்ளிரவு மணியும் குழந்தைக்குப் பாலும்

சத்திரத்துக்குள் உண்மையில் என்னதான் நடந்தது என்பதற்கு அருமையான சாட்சி ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறது. அங்கே மராட்டிய மன்னர்கள் நிறையச் சத்திரங்கள் கட்டினார்கள். முக்கால்வாசிக்கும் அரச குடும்பத்துப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் 1802-இல் முக்தாம்பாள் சத்திரம்.

1799-இல் தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கும்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். எங்கே சத்திரத்து நிலத்திலும் கை வைத்துவிடுவார்களோ என்ற கவலையில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் கும்பெனி ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் சொல்லும் விவரங்களைக் கேளுங்கள்.

எந்த ஜாதியாராக இருந்தாலும், எந்த ஊர் யாத்ரீகராக இருந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் உப்பும் மிளகும் கொடுக்கப்படும். நள்ளிரவில் மணி அடிப்பார்கள், இதுவரை சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று! நோயாளி வந்தால் வைத்தியர் உண்டு, குணமாகும் வரை இருக்கலாம். அநாதைப் பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டுப் படிக்க வைப்பார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. கர்ப்பிணி வந்தால் வீட்டில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வார்கள். வழியில் வந்தவர் அங்கேயே இறந்துவிட்டால் அவரவர் முறைப்படி காரியமும் செய்வார்கள்.

ஒரு ராஜா, கும்பெனி அதிகாரியிடம் வாதாடும்போது குழந்தைக்குப் பால் என்ற விஷயத்தையும் மறக்காமல் எழுதியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பின்னாளில் முக்தாம்பாள் சத்திரம் பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் பயன்பட்டது.

எல்லாருக்கும் திறந்த கதவா?

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நியாயம் ஆகாது. சரபோஜி எழுதியபடி எல்லாச் சத்திரமும் நடக்கவில்லை. பல சத்திரங்கள் ஒரு ஜாதிக்கு என்றே எழுதி வைக்கப்பட்டன. சிலவற்றில் ஒருவருக்குக் கூடம், ஒருவருக்குத் திண்ணை, இன்னொருவருக்கு வாசலுக்கு வெளியே மரத்தடி. சுவரைக் கட்டிய கொத்தனுக்கும், கிணறு வெட்டியவருக்கும் அந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்ள உரிமை இல்லாத இடங்கள் எத்தனையோ. அந்த ஜாதித் தாயின் மடியிலும் பசியால் அழுத குழந்தை இருந்தது அல்லவா?

இந்த அநியாயத்துக்குச் சட்டம் முடிவு கட்டியது சுதந்திரத்துக்குப் பிறகுதான். அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் ஹோட்டல், கிணறு ஆகியவற்றோடு தர்மசாலை, சராய் என்று பெயர் சொல்லியே, அங்கே யாரையும் தடுப்பது குற்றம் என்றது. அதாவது சத்திரத்துக் கதவு உண்மையிலேயே எல்லாருக்குமாகத் திறந்தபோது, சத்திரங்களின் காலம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது.

சுமை இறக்கும் கல்

சத்திரம் கட்டப் பணம் இல்லாதவர்களும் வழிப்போக்கருக்கு ஏதாவது செய்யாமல் இருக்கவில்லை. திண்டுக்கல் பக்கத்துப் பழைய சாலைகளில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் சாலையோரத்தில் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் குறுக்கே வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் அதில் சுமையை இறக்கி, இளைப்பாறி, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

அந்தக் கல்லை யார் நினைவாக வைப்பார்கள் தெரியுமா? கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக. வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே போய்விட்டாளே, அவள் பெயரால் நாலு பேர் சுமை இறங்கட்டும் என்று வீட்டார் வைப்பார்கள். இப்படி எத்தனை கற்கள் என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்தில் பிரசவம் என்பது எவ்வளவு பெரிய கண்டம் என்பது புரியும். அடுத்த முறை ஒரு சுமைதாங்கியைக் கடந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எழுத்தில்லாத அந்தக் கல் ஒரு பெண்ணின் பெயர்.

அடுப்பு அணைந்த கதை

சத்திரங்களுக்கு என்ன ஆயிற்று? ஒரே நாளில் எதுவும் ஆகவில்லை. 1817-இல் கும்பெனியார் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள். கோயில், மசூதி ஆகியவற்றின் மானியங்களோடு பாலம், சத்திரம் இவற்றுக்கு எழுதி வைத்த சொத்துக்களையும் ரெவின்யூ போர்டு மேற்பார்வை செய்யும் என்று அது சொன்னது. மானியம் வேறு வழியில் செலவாகாமல் காப்பதே நோக்கம். ஆனால் எழுதி வைத்த குடும்பத்துக்கும் சத்திரத்துக்கும் இருந்த ஒட்டுதல் மெல்ல விட்டுப்போயிற்று. பிறகு ஜில்லா போர்டு, முனிசிபாலிட்டி என்று கை மாறியது. வெள்ளைக்கார அதிகாரிகள் தங்களுக்கென்று தனியாக 'டிராவலர்ஸ் பங்களா' கட்டிக்கொண்டார்கள். அங்கே சமையல்காரர், பங்கா எல்லாம் உண்டு. நம் ஜனங்களுக்கு அங்கே வேலை இருந்தது, இடம் இல்லை.

பெரிய அடி ரயிலால்தான். 1875-இல் திருச்சி - மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாகத் திறந்தது. இரண்டு நாள் வண்டிப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கிற்று. இடையில் தங்குவதற்கு அவசியமே இல்லை. 1928-இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கும் ரயில் வந்தபோது, ஒட்டன்சத்திரம் பாதையிலும் இதே கதை. பிறகு பஸ். ஆள் வராத சத்திரம் பள்ளிக்கூடமாயிற்று, நெல் கோடவுனாயிற்று, ரேஷன் கடையாயிற்று, கல்யாண மண்டபமாயிற்று. எதுவுமாகாதவை ஆலமரம் முளைத்து இடிந்தன. நிலம் யார் யார் கைக்கோ போயிற்று.

ஹோட்டல் வந்தது

சத்திரம் போன இடத்தில் காபி கிளப்பும் ஹோட்டலும் வந்தன. ஆனால் நெடுங்காலம் அவை ஆண்களின் இடம். குடும்பப் பெண் ஹோட்டலில் ஏறிச் சாப்பிடுவதாவது? கணவர் உள்ளே போய் இட்லி பொட்டலம் வாங்கி வருவார், அவள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் தின்பாள். பிறகுதான் ஒரு மூலையில் பச்சைத் திரை போட்டு 'ஃபேமிலி ரூம்' வந்தது. அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் முறையாகச் சுடச்சுட ஹோட்டல் தோசை சாப்பிட்டதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் பாட்டிமார் நம் வீடுகளில் உண்டு.

திண்டுக்கல்லின் பெயரை ஊர் ஊராகக் கொண்டு போனதும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைதான். 1957-இல் நாகசாமி நாயுடு என்பவர் 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்' என்று ஆரம்பித்தார். அவர் எப்போதும் தலைப்பாகையோடு இருப்பார். கடைப் பெயரை விட்டுவிட்டு ஜனங்கள் 'தலப்பாக்கட்டு' கடை என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நீள அரிசியை விட்டு, பொடிப்பொடியான சீரகச் சம்பாவில் செய்வதுதான் திண்டுக்கல் பிரியாணியின் அடையாளம். வீட்டில் செய்கிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சீரகச் சம்பா சீக்கிரம் குழையும். பாசுமதிக்கு ஊறவைப்பது போல் நெடுநேரம் ஊறவைக்காதீர்கள், கிளறும்போதும் கரண்டிக் காம்பால் ஓரமாகக் கிளறுங்கள்.

பழைய தர்மம், புதிய உருவம்

கட்டிடம் போனாலும் அந்த எண்ணம் முழுவதும் போய்விட்டதா? இல்லை என்றே தோன்றுகிறது.

தைப்பூசத்துக்கு முன்னால் திண்டுக்கல் - பழனி சாலையில் போய்ப் பாருங்கள். குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பும் நகரத்தார் சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல்லைத் தொட்டு நடக்கிறார்கள். மற்ற ஊர்க் கூட்டமும் ஆயிரம் ஆயிரமாக நடக்கிறது. வழிநெடுக அன்னதானம், நீர்மோர்ப் பந்தல். பேர் தெரியாதவர் காலுக்கு எண்ணெய் தடவிவிடுகிறார். வருஷத்தில் சில நாட்கள் அந்தச் சாலை முழுவதுமே ஒரு நீளமான சத்திரம்.

இன்னொன்று, திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில். டாக்டர் சௌந்தரம் அம்மாளும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சிறிய அளவில் ஆரம்பித்த பிரசவ உதவி கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. 'கர்ப்பிணி வந்தால் வீட்டில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வார்கள்' என்று 1801-இல் சரபோஜி எழுதினாரே, அது இந்தச் சாலையில் புது உருவத்தில் வந்திருக்கிறது. சுமைதாங்கிக் கற்கள் புதிதாக நடப்படாமல் போனதற்கு இப்படிப்பட்ட இடங்களும், கிராமம் கிராமமாக நடந்த தாதிகளும் ஒரு காரணம்.

2015 ஆகஸ்டில் தமிழக அரசு பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகள் திறந்தது. நல்ல காரியம். அப்படி ஓர் அறை உங்கள் ஊர் பஸ் நிலையத்தில் இருந்தால், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். பூட்டியிருந்தால் நிலைய அதிகாரியிடம் சாவி கேளுங்கள். உள்ளே சாமான் அடைத்து வைத்திருந்தால் நாலு பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். கேட்பார் இல்லாமல்தான் பழைய சத்திரங்கள் கோடவுனாகப் போயின. புதியதும் அப்படிப் போக வேண்டாம்.

நீங்கள் போவதானால்

திண்டுக்கல்லுக்கு ஒரு நாள் போதும். காலை வெயில் ஏறுமுன் மலைக்கோட்டை ஏறிவிடுங்கள். மேலே நிழல் குறைவு, சின்னக் குழந்தைகளுக்குத் தொப்பியும் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் அவசியம். பாறை சூடேறினால் வெறுங்காலில் நடக்க முடியாது. அடிவாரத்தில் கோட்டை மாரியம்மனைத் தரிசிக்கலாம். பேகம்பூருக்கும் போய் வாருங்கள். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் அது, ஊர்ப் பெயரே அவரால் வந்தது. மாலையில் சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை பார்த்துவிட்டு மதுரைக்குப் போகலாம். ரயில் நிலையத்து வாசலில் மங்கம்மாள் பெயரையும் பார்த்துவிடலாம்.

வழிக்குத் தயிர்சாதம் கட்டுகிறவர்கள், குழைந்த சாதத்தில் ஆறிய பாலை நிறைய ஊற்றி ஒரே ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுப் பிசையுங்கள். மத்தியானம் பிரிக்கும்போது புளிக்காமல் சரியான பதத்தில் இருக்கும். குழந்தைகளுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் தவிர வேறு வேண்டாம். வெயிலில் பேதி, வாந்தி கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தாமதிக்காதீர்கள். பாக்கெட்டில் கிடைக்கும் பொடி இரண்டு கைப்பையில் இருக்கட்டும். நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் ஒரு பழைய சத்திரம் இருக்கும். வேறு பெயரில், வேறு உபயோகத்தில் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: "அது யார் கட்டினது? எந்த நிலம் எழுதி வைத்தார்கள்? நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே யார் தங்கினார்கள்?" வாசல் நிலைக்கு மேலே கல்லில் எழுத்து இருந்தால் சுண்ணாம்பு பூசி மறைக்கவிடாமல், பிள்ளைகளை விட்டு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். இடிப்பதென்று யாராவது சொன்னால், இது தர்மச் சொத்து என்று சொல்வதற்கு அந்த நோட்டு உதவும்.